சாட்சியத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? கிளவுட் டிஸ்க்குகளும் குறியாக்கமும்

சின்னமனூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வன்கொடுமை வழக்குக்கான வாக்குமூலங்களைப் பெரும்பாலும் இரவில்தான் பதிவு செய்ய முடிகிறது. ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர்கள் விடியுமுன்பே ஜீப் ஏறிக் கம்பம்மெட்டைக் கடந்துவிடுகிறார்கள். மாலையில் திரும்பி, சோறாக்கி, பிள்ளைகளைப் படுக்கவைத்த பிறகே பேச உட்காருகிறார்கள். அவர்கள் சொல்வது எங்கள் கைப்பேசியில் ஒலிக்கோப்பாகப் பதிவாகிறது. அத்துடன் காயச் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கையின் நகல், பட்டா, பழைய அ-பதிவேட்டின் படம் ஆகியனவும் சேர்கின்றன. மறுநாள் காலைக்குள் இவை யாவும் மும்பையிலோ ஹைதராபாத்திலோ உள்ள ஒரு தரவு மையத்தின் டிஸ்கில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அந்த டிஸ்கைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை, ஆவணங்களைச் சேகரிக்கும் தோழர்களில் மிகச் சிலரே கேட்டிருக்கிறோம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-இல் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள 15ஏ பிரிவு, சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் பொதுமக்கள் பார்க்கக்கூடிய வழக்குப் பதிவுகளில் மறைத்துவைக்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. நீதிமன்றத்திடம் இந்தப் பாதுகாப்பைக் கேட்டு மனு போடும் நாங்களே, அதே பெயர்களையும் முகவரிகளையும் ஓர் எக்செல் கோப்பில் எழுதி, எவர் வேண்டுமானாலும் திறக்கும் வகையில் இணையத்தில் வைத்திருந்தால் அந்த மனுவுக்கு என்ன பொருள்? பள்ளத்தாக்கின் ஊர்கள் சிறியவை. சாட்சி சொன்னவர் யார் என்று தெரிந்த மறுநாளே தோட்ட வேலை நின்றுபோகும், கடையில் கடன் நின்றுபோகும், வீட்டுக்கு ‘சமாதானம் பேச’ ஆட்கள் வருவார்கள். சாட்சி பிறழ்வது நீதிமன்றக் கூண்டில் நிகழ்ந்தாலும், அதற்கான வேலை பல மாதங்களுக்கு முன்பே வீட்டு வாசலில் தொடங்கிவிடுகிறது.

சாட்சி பிறழ்ந்த பிறகும் ஒரு வழக்கை மின்னணுப் பதிவு தாங்கி நிற்க முடியும் என்பதற்குக் கோகுல்ராஜ் கொலை வழக்கு சான்று. 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் பதிவான கண்காணிப்புக் கேமராக் காட்சிகள் அவ்வழக்கில் பெரும் வாதப் பொருளாயின. முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். ஆயினும் 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. எனவே இத்தகைய பதிவுகளைப் பிறர் கைக்குப் போகாமல் காப்பதும், நம் கையிலிருந்தே தொலைந்துவிடாமல் காப்பதும் ஒரே கடமையின் இரு பாதிகள். குறியாக்கம் முதல் பாதிக்கு உதவுகிறது. கவனமின்றிக் கையாண்டால் இரண்டாம் பாதியைக் கெடுக்கிறது.

‘எங்கள் டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டது’ என்று கிளவுட் நிறுவனங்கள் சொல்வது பொய்யன்று. கூகுள் கிளவுடும் மைக்ரோசாஃப்ட் அஸூரும் டிஸ்கில் எழுதப்படும் எதனையும் தாமாகவே குறியாக்கம் செய்கின்றன. அமேசானில் டிஸ்க் உருவாக்கும்போது அதனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அல்லது கணக்கின் அமைப்பில், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனியாக, எப்போதும் குறியாக்கம் என்று ஒரு முறை குறித்துவிட வேண்டும். இந்தக் குறியாக்கம் இரண்டு அடுக்காக நடக்கிறது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு தரவுச் சாவி உண்டு. அந்தத் தரவுச் சாவியை வேறொரு மேற்சாவி பூட்டி வைக்கிறது. பீரோவின் சாவியை ஒரு சிறு பெட்டியில் போட்டு, பெட்டியின் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது போன்றது இது. இடுப்பில் இருக்கும் அந்த மேற்சாவி எவருடையது என்பதைப் பொறுத்தே மற்ற அனைத்தும் அமைகின்றன.

எந்த மாற்றமும் செய்யாமல் விட்டுவிட்டால் மேற்சாவி நிறுவனத்தினுடையது. தரவு மையத்திலிருந்து எவரேனும் டிஸ்கைத் திருடிச் சென்றால் இக்குறியாக்கம் காப்பாற்றும். நிறுவனமே திறக்க நினைத்தால், அல்லது திறக்குமாறு நிறுவனத்துக்கு ஆணை வந்தால், காப்பாற்றாது.

இதற்கு அடுத்த நிலையில், மேற்சாவியை நிறுவனத்தின் சாவிப் பெட்டகத்தில் நாமே உருவாக்கி நிர்வகிக்கலாம். யார் எப்போது அதனைப் பயன்படுத்தினார் என்ற பதிவு கிடைக்கும். ஐயம் எழுந்தால் சாவியை முடக்கலாம். ஆனால் முடக்கியவுடன் எல்லாம் பூட்டிக்கொள்ளும் என்று எண்ணக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியோடு இணைந்த டிஸ்க், அமேசானில், கழற்றப்படும் வரை திறந்தேதான் இருக்கும். சாவியைச் சுழற்சி முறையில் மாற்றுவதிலும் இதே தவறான எண்ணம் உண்டு. கூகுளில் மேற்சாவியின் புதிய பதிப்பை உருவாக்கினாலும், முன்பே உள்ள டிஸ்க் பழைய பதிப்பையே நம்பியிருக்கும். அதனைப் புதிய சாவியின்கீழ்க் கொண்டுவர வேண்டுமானால் டிஸ்கைப் படியெடுத்து, அந்தப் படியிலிருந்து புதிய டிஸ்க் உருவாக்குவது ஒரு வழி. எல்லாவற்றுக்கும் மேலாக, சாவியை நிர்வகிப்பது நாமாயினும் அது கிடப்பது அவர்களுடைய பெட்டகத்தில்தான்.

மூன்றாவது வழி, சாவியை நாமே வைத்துக்கொண்டு தேவைப்படும் ஒவ்வொரு முறையும் கொடுப்பது. கூகுளின் கணினிச் சேவையில் இவ்வசதி உண்டு. 256 பிட் சாவி. எழுத்தாக மாற்றினால் 44 எழுத்துகள் வரும். நிறுவனம் அதனைத் தன் சேமிப்பில் வைத்துக்கொள்வதில்லை. டிஸ்கைக் கணினியோடு இணைக்கும்போதும், நிறுத்திய கணினியை மீண்டும் தொடங்கும்போதும், காப்புப் படியிலிருந்து மீட்கும்போதும் நாம்தான் கொடுக்க வேண்டும். சாவி தொலைந்தால் தங்களால் மீட்க இயலாது என்று நிறுவனம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

நாங்கள் பின்பற்றுவது நான்காவது வழி. கோப்பு எங்கள் மடிக்கணினியை விட்டுக் கிளம்பும் முன்பே அதனைப் பூட்டிவிடுகிறோம். கிரிப்டோமேட்டர் போன்ற கட்டற்ற மென்பொருள் இதற்குப் போதும், செலவில்லை. சொந்தமாகச் சிறு சர்வர் வைத்திருப்பவர்கள் லினக்ஸின் லக்ஸ் முறையில் டிஸ்க் முழுவதையும் பூட்டலாம். ஆனால் சர்வர் ஓடும் வரை அந்தச் சாவி அதன் நினைவகத்தில் இருக்கும் என்பதையும், லக்ஸ் டிஸ்கின் தலைப்பகுதி சிதைந்தால் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் திறக்காது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். தலைப்பகுதியின் நகலை வேறோர் இடத்தில் வைக்காமல் லக்ஸைத் தொடவே கூடாது. கூட்ட அறிக்கைகள், துண்டறிக்கைகள், பயிற்சிப் பாடங்கள் ஆகியவற்றுக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. முதல் நிலையே போதும். சாட்சியின் பெயரும் குரலும் உள்ளவற்றுக்கு மட்டுமே இந்தப் பாடு. எல்லாவற்றையும் பூட்ட முயலும் அமைப்பு, சில மாதங்களில் சோர்ந்து, எதனையும் பூட்டாத நிலைக்கு வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறோம்.

சாவியை நாமே வைத்திருப்பதால் அரசிடமிருந்து தப்பிவிடலாம் என்று சில மாணவர்கள் நினைக்கிறார்கள். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 69ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, குற்றப் புலனாய்வு முதலிய காரணங்களுக்காகக் குறியாக்கத்தைத் திறந்து கொடுக்க ஆணையிடும் அதிகாரத்தை ஒன்றிய, மாநில அரசுகளுக்கு வழங்குகிறது. இதற்கான 2009ஆம் ஆண்டு விதிகளின்படி உள்துறைச் செயலாளர் நிலையில் ஆணை பிறப்பிக்கப்பட வேண்டும். சாவியை வைத்திருப்பவர் எவரோ அவருக்கே ஆணை போகும். உதவ மறுத்தால் ஏழு ஆண்டுகள் வரை சிறை.

எனில் சாவி யாரிடம் இருந்தால் என்ன? ஆணை யாருடைய கதவைத் தட்டுகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. நிறுவனத்திடம் சாவி இருந்தால் ஆணை நிறுவனத்துக்குப் போகும். அந்த ஆணையைப் பற்றி இரகசியம் காக்க வேண்டிய கடமையை அதே விதிகள் நிறுவனத்தின் மீது சுமத்துகின்றன. எங்கள் சாட்சியின் வாக்குமூலம் திறக்கப்பட்டது எங்களுக்கே தெரியாமல் போகலாம். தெரியாத ஒன்றை எதிர்த்து எந்த நீதிமன்றத்துக்குச் செல்வது? சாவி எங்களிடம் இருந்தால் ஆணை எங்கள் அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும். ஆணையைப் படிக்கலாம், அதிகார வரம்பைக் கேள்வி கேட்கலாம், தேனி மாவட்டத்துக்குரிய உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அளித்த தீர்ப்பு அங்கே நமக்குத் துணை நிற்கும். உரிமையில் தலையிடும் நடவடிக்கை சட்டப்படியும் தேவைக்கு ஏற்ற அளவிலும் இருக்க வேண்டும் என்று வாதிடலாம். தோற்கவும் செய்யலாம். ஆனால் வாதிட்டுத் தோற்பது வேறு, அறியாமலே இழப்பது வேறு.

நிறுவனத்திடம் சாவி இருந்தால் என்ன நேரும் என்பதற்கு வெளிநாட்டு நிகழ்வுகள் போதிய அளவில் உள்ளன. விண்டோஸ் மடிக்கணினிகளின் பிட்லாக்கர் மீட்புச் சாவி, பயனர் கவனிக்காமலேயே அவரது மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஏறிவிடுவது வழக்கம். குவாம் தீவின் மோசடி வழக்கு ஒன்றில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ கேட்டபோது, மைக்ரோசாஃப்ட் அத்தகைய சாவிகளைக் கொடுத்தது. பிரிட்டனிலோ, அரசு ஆப்பிள் நிறுவனத்திடம் அணுகல் கேட்டதைத் தொடர்ந்து, பயனரிடம் மட்டுமே சாவி இருக்கும் உயர்நிலைப் பாதுகாப்பை 2025 பிப்ரவரியில் ஆப்பிள் அந்நாட்டுப் பயனர்களுக்கு நிறுத்தியது. நம் நாட்டில் 2015 செப்டம்பரில் வெளியான தேசியக் குறியாக்கக் கொள்கை வரைவு, குறியாக்கம் செய்த செய்திகளின் மூல வடிவத்தைக் குடிமக்கள் 90 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு எழுந்தவுடன் திரும்பப் பெறப்பட்டது.

குற்றம் சாட்டப்பட்டவரைக் கடவுச்சொல் சொல்லுமாறு கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. அரசமைப்பின் 20(3) கூறு எவரையும் தமக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் இக்கூற்றைக் கொண்டே, ஒப்புதலற்ற உண்மை கண்டறியும் சோதனைகளைத் தடுத்தது. கடவுச்சொல்லைக் கொடுப்பது அக்கூற்றை மீறாது என்று 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கருதியது. கட்டாயப்படுத்த இயலாது என்று 2022இல் டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம் கூறியது. வழக்கறிஞர்களுக்குக் கூடுதலாக ஒரு கவசம் உண்டு. கட்சிக்காரர் எங்களிடம் சொன்னதை வெளியிடலாகாது என்று பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132ஆம் பிரிவு தடுக்கிறது. வழக்கறிஞரின் மின்னணுக் கருவி தேவைப்பட்டால் அதனை உரிய நீதிமன்றத்தின் முன்புதான் ஒப்படைக்கச் சொல்ல வேண்டும் என்று 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. உண்மை அறியும் குழுவில் சென்று குறிப்பெடுக்கும் கல்லூரி மாணவருக்கு இக்கவசம் கிடையாது. ஆகவே மாணவர்கள் பதிவு செய்தவற்றை விரைவில் வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிட்டு, தம் கைப்பேசியில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்பதை அவருடன் பேசி முடிவு செய்வது நல்லது.

இனி தொலைந்துபோவதைப் பற்றி. சின்னமனூர் என்றதும் வரலாற்று மாணவர்களுக்குச் செப்பேடுகள் நினைவுக்கு வரும். பிராமணருக்கு நிலம் வழங்கியதைச் சொல்லும் பாண்டியர் ஆவணம் செம்பில் வெட்டப்பட்டதால் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து வந்தது. அந்த வயலில் இறங்கி உழைத்தவர்கள் தம் தரப்பைச் சொன்னதாக எந்தச் செம்பிலும் இல்லை. நாங்கள் சேகரிக்கும் ஒலிக்கோப்புகள் அந்தத் தரப்பின் ஆவணங்கள். அவற்றை எதிரியிடமிருந்து காக்கும் பூட்டு நம்மையே வெளியே நிறுத்திவிடக் கூடாது. ஆனால் எங்களுக்கு அது நேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு வழக்கின் ஒன்பது வாக்குமூலங்களைப் பூட்டி ஏற்றிய தோழர், சாவிக் கோப்பைத் தம் மடிக்கணினியில் மட்டும் வைத்திருந்தார். வேலை தேடித் திருப்பூர் சென்றபோது மடிக்கணினியை அழித்துச் சுத்தம் செய்து விற்றுவிட்டார். டிஸ்க் பத்திரமாக இருந்தது, மாதந்தோறும் வாடகையும் கட்டிக்கொண்டிருந்தோம், திறக்க முடியவில்லை. குற்றம் அவருடையதன்று, சாவியின் இரண்டாம் நகல் எங்கே என்று நாங்கள் எவருமே கேட்கவில்லை. மகனை இழந்த ஒரு தாயிடம் மறுபடி சென்று, மறுபடி சொல்லுங்கள் அம்மா என்று கேட்க நேர்ந்தது. அவர் சொன்னார். முதல் முறை சொன்னதைக் காட்டிலும் சுருக்கமாக, எங்கள் முகத்தைப் பாராமல் சொன்னார்.

அதன் பிறகே சாவியைப் பங்கு பிரிக்கும் முறைக்கு வந்தோம். அடி ஷமீர் என்னும் கணிதவியலாளர் 1979இல் வெளியிட்ட முறை அது. ஒரு சாவியை ஐந்து பங்குகளாக்கி, எவையேனும் மூன்று சேர்ந்தால் திறக்கும்படி செய்யலாம். இரண்டு மட்டும் கிடைத்தவருக்குச் சாவியைப் பற்றி எதுவுமே தெரியாது. மூன்றையும் ஒருவரே வாங்கிவிடாதபடி பங்குகளைப் பிரித்துக் கொடுப்பதுதான் கடினம். எங்கள் ஐந்து பங்குகளில் ஒன்று அலுவலகத்தில், ஒன்று மதுரையிலுள்ள வழக்கறிஞரிடம், ஒன்று மாவட்டத்துக்கு வெளியே இருக்கும் ஆசிரியரிடம். எஞ்சிய இரண்டும் கிராமங்களில் உள்ள பெண் தோழர்களிடம். மூத்த ஆண் தோழர்களிடமே அனைத்தையும் ஒப்படைக்கும் பழக்கம் நம் இயக்கங்களில் இன்னும் இருப்பதால் இதற்கு ஒரு நீண்ட கூட்டம் தேவைப்பட்டது. பங்குகளைப் பால்பாயின்ட் பேனாவால் தாளில் எழுதி, உறையிலிட்டு, ஒட்டிய இடத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறோம். ரசீது அச்சிடும் வெப்பத் தாளில் அச்சிட வேண்டாம், எழுத்து மங்கிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மூவர் கூடி, ஒரு கோப்பையேனும் திறந்து பார்க்கிறோம். திறந்து பார்த்திராத காப்பு நகலை நகல் என்று நாங்கள் கணக்கில் வைப்பதில்லை.

எவ்வளவு கவனமாகச் சாவியைக் காத்தாலும், கோப்பு திறக்கும் மடிக்கணினியில் வேறொருவர் குடியிருந்தால் பயனில்லை. பீமா கோரேகான் வழக்கில் 2018 ஜூன் 6 அன்று கைதானவர்களுள் ஒருவரான ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம், நெட்வயர் என்னும் தீநிரல் வழியாக அதற்குள் கோப்புகள் திணிக்கப்பட்டன என 2021 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. அதே நாளில் கைதான தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங்கின் கணினி பற்றியும், திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடையே பணியாற்றி, 2021 ஜூலை 5 அன்று காவலில் இருந்தபடியே மறைந்த ஸ்டேன் சுவாமியின் கணினி பற்றியும் அதே நிறுவனம் பின்னர் இத்தகைய அறிக்கைகளை வெளியிட்டது. புலனாய்வு அமைப்பு இவற்றை ஏற்கவில்லை. நமக்கு இதிலிருந்து தேவையான செய்தி எளியது: டிஸ்கின் குறியாக்கம் அணைந்திருக்கும் டிஸ்கைக் காக்கும், திறந்திருக்கும் கணினியில் புகுந்தவரிடமிருந்து காக்காது. மின்னஞ்சலில் வரும் இணைப்புகளைத் திறக்கும் கணினியும் வாக்குமூலங்களைத் திறக்கும் கணினியும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதை இப்போது விதியாகவே வைத்திருக்கிறோம்.

பூட்டிய கோப்பு நீதிமன்றத்தில் செல்லுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். செல்லும், ஆனால் பூட்டுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுடன் இரு பகுதிகள் கொண்ட சான்றிதழைக் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. ஒரு நொடி ஒலி மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும். பதிவு செய்த அன்றே, பூட்டாத மூலக் கோப்புக்கு ஷா-256 முறையில் ஹாஷ் எடுத்து, தேதியுடன் குறிப்பேட்டில் கையால் எழுதிவிடுகிறோம். மீண்டும் திறக்கும்போது அதே ஹாஷ் வந்தால் இடையில் எவரும் கைவைக்கவில்லை எனக் காட்டலாம். பதிவு செய்த கைப்பேசியையும் இயன்ற வரை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். காவல்துறை நம் கருவியைக் கைப்பற்ற வந்தாலும், அந்த இடத்திலேயே ஹாஷ் எடுத்து மகஜரில் எழுதுமாறு கேட்க வேண்டும். தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு காவல்துறைக்கே கடமை விதித்துள்ளது.

கடைசியாகச் சாவியை அழிப்பது பற்றி. சாவியை அழித்தால் அதனால் பூட்டப்பட்ட அனைத்தும், எத்தனை நகல்கள் எங்கிருந்தாலும், ஒரே கணத்தில் பயனற்றுவிடும். வழக்கு முடிந்த பின் தம் குரல் எங்கும் இருக்க வேண்டாம் என்று கேட்கும் சாட்சிக்கு இதைவிட உறுதியான வழி இல்லை. அமேசானின் பெட்டகத்தில் சாவியை அழிக்கச் சொன்னால் 7 முதல் 30 நாட்கள் வரை காத்திருப்புக் காலம் உண்டு. அதற்குள் மனம் மாறினால் திரும்பப் பெறலாம். காகிதப் பங்குகளுக்கு அத்தகைய அவகாசம் இல்லை, எரித்தால் எரித்ததுதான். ஆணையோ அழைப்பாணையோ வந்த பிறகு சாவியை அழித்தால், சான்றாக முன்வைக்கப்படுவதைத் தடுக்க மின்னணுப் பதிவை அழித்த குற்றத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவு பாயும். எனவே மேல்முறையீட்டுக் காலம் முடிந்து, எதிர்த்தரப்பும் மேல்முறையீடு செய்யவில்லை என்பதை உறுதி செய்த பின், சாட்சியிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்று, மூன்று பங்குதாரர்கள் முன்னிலையில் மட்டுமே உறைகளை எரிக்கிறோம். இதுவரை இரு முறை எரித்திருக்கிறோம். இரண்டாம் முறை, சாட்சியும் வந்து நின்று பார்த்தார்.